ஜெட்டி ஓரத்துக் கடற்கரை: முன்னறிவிப்பில் பெரிய அலை, நேரில் போனால் ஒன்றுமில்லை. ஏன்?

உப்புக்காற்று:
முகத்துவாரச் சுவரை ஒட்டிய ஒரு மணல் கடற்கரையில் சர்ஃப் செய்து வருகிறேன். கரை கிழக்கு பார்த்தது. தெற்கு ஓரத்தில் கல் கொட்டிக் கட்டிய ஜெட்டி, சுமார் 400 மீட்டர் கடலுக்குள் நீள்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் படகுகள் போய்வரும் கால்வாய். வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான்.

குழப்பம் இதுதான். தென்கிழக்கு ஸ்வெல் (தொலைக்கடலிலிருந்து வரும் அலை), 1.5 மீட்டர், 14 விநாடி என்று ஆப் காட்டினால் ஆசையாகக் கிளம்பிப் போகிறேன். சுவரோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. சலித்துப்போய் வடக்கே நடந்தால், அங்கே ஒவ்வொரு அலையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நேரத்தில் இடிந்து விழுகிறது. ஏறினால் நேராகக் கீழேதான். இன்னொரு நாள் வடகிழக்கு ஸ்வெல், 0.9 மீட்டர், 8 விநாடி. ஆப்பில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. போய்ப் பார்த்தால் சுவரோரம் அழகான பீக்குகள் (கூம்பாக எழுந்து உடையும் அலைகள்), நல்ல ரைட் (ஏறுபவருக்கு வலப்பக்கம் ஓடும் அலை).

அலையின் உயரத்தையும் பீரியடையும் (ஓர் அலைக்கும் அடுத்ததுக்கும் இடையிலான விநாடிகள்) பார்த்து இந்த மாதிரி இடத்தைக் கணிக்கவே முடியாதா? எதைப் பார்த்துக் கிளம்புகிறீர்கள்?

மணல்திட்டு:
ஆப்பைத் தூக்கிப் போடுங்கள். அதன் பின்னால் இருக்கும் கணினி மாதிரிகளுக்கு உங்கள் ஜெட்டி இருப்பதே தெரியாது. அவை கணக்குப் போடும் கட்டங்கள் கிலோமீட்டர் கணக்கில் அகலமானவை. 400 மீட்டர் கல் அதில் எங்கே தெரியப்போகிறது? போய்ப் பார், இருந்தால் இறங்கு. அவ்வளவுதான்.

பலகைக்காரன்:
அண்ணா, போய்ப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியவர்களும் இங்கே இருக்கிறோம். ஆப் தவறான தகவல் தரவில்லை. அது சொல்வது ஆழ்கடலில் இருக்கும் அலையை. அங்கிருந்து கரை வரைக்கும் நடப்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும். சுவர் உள்ள இடத்தில் அந்தக் கணக்குக்கு முதலில் வேண்டியது திசை. உயரம் அதற்கு அப்புறம்தான்.

கடலோரப்பொறியாளர்:
பலகைக்காரன் சொன்ன திசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

உங்கள் சுவர் தெற்கில் இருக்கிறது. தென்கிழக்கு அலைக்கு அதுவே மறைப்பு. சுவருக்கு வடக்கே ஒரு நிழல் விழும். அதன் அகலத்தைத் தோராயமாகக் கணக்கிட முடியும். சுவரின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் முனையைத் தாண்டும்போது அலை கரைக்கு நேர்க்குத்தான திசையிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்து வருகிறது என்று பாருங்கள். அந்தக் கோணத்தின் டேன்ஜென்டால் நீளத்தைப் பெருக்கினால் நிழலின் அகலம். 400 மீட்டர் சுவர், 30 டிகிரி சாய்வு என்றால் சுமார் 230 மீட்டர்.

ஆனால் ஆப் சொல்லும் கோணத்தை அப்படியே போட்டுவிடக் கூடாது. அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வர வர, கரைக்கு இணையாகத் திரும்பிக்கொண்டே வரும். பீரியட் நீண்ட அலை இன்னும் அதிகமாகத் திரும்பும். காரணம், அது தரையை வெகு தூரத்திலேயே உணர ஆரம்பித்துவிடும். 8 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். அதில் பாதி ஆழத்தில், அதாவது 50 மீட்டரில், தரை அதற்குத் தட்டுப்படும். 14 விநாடி அலை 300 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 150 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரும். இரண்டும் 45 டிகிரி சாய்வில் கிளம்பியதாக வைத்துக்கொள்வோம். தரை சீராகச் சரிந்து, சுவர் முனையில் 5 மீட்டர் ஆழம் இருந்தால், அங்கே வந்து சேரும்போது 8 விநாடி அலை ஏறக்குறைய 22 டிகிரியிலும் 14 விநாடி அலை ஏறக்குறைய 13 டிகிரியிலும் இருக்கும். முதலாவதுக்கு நிழல் 160 மீட்டர், இரண்டாவதுக்கு 90 மீட்டர்தான்.

அந்த நிழலும் கத்தியால் வெட்டிய மாதிரி முடியாது. அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளேயும் பரவும். நிழலின் எல்லைக்கோட்டில் உயரம் வெளியே இருப்பதில் ஏறக்குறைய பாதி. அங்கிருந்து சுவரை நோக்கி வர வரக் குறைந்துகொண்டே போகும், எதிர்ப்பக்கம் போகப் போகக் கூடிக்கொண்டே போகும்.

நீங்கள் சுவரடியில் நின்று பார்த்தீர்கள், அப்புறம் வெகுதூரம் வடக்கே போய்ப் பார்த்தீர்கள். தென்கிழக்கு ஸ்வெல் நாளில் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த எல்லையை.

உப்புக்காற்று:
நன்றி, இவ்வளவு விளக்கமாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் பாதி உயரம் இருக்கும் இடத்தில் போய் எதற்கு உட்கார வேண்டும்? அலை சின்னதாகத்தானே இருக்கும்?

கடலோரப்பொறியாளர்:
சின்னதாக இருப்பதை விட, அலையின் உயரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிவாகக் குறைவதுதான் முக்கியம். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். 1 மீட்டர் அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் தண்ணீரில். நீளமான நேர்க்கோட்டு அலை, நேராகக் கிடக்கும் மணல்திட்டின் மேல், எங்கும் ஒரே உயரத்தில் வந்தால் எல்லா இடத்திலும் ஒரே நொடியில் உடைந்துதானே ஆக வேண்டும்? வடக்கே நீங்கள் பார்த்த க்ளோஸ்அவுட் (முழு அலையும் ஒரே நேரத்தில் இடிவது) அதுதான். நிழலின் எல்லையில் அதே அலையின் வடக்குப் பாதி உயரம், தெற்குப் பாதி குட்டை. உயரமான பக்கம் ஆழத்திலேயே முதலில் உடையும். குட்டையான பக்கம் கரையை நெருங்கிய பிறகு உடையும். நடுவில் உடைப்பு வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்துகொண்டே போகும். அலைமேல் கரையைப் பார்த்து நிற்பவருக்கு அது லெஃப்ட்.

பலகைக்காரன்:
அந்த லெஃப்ட் சுவருக்கு இந்தப் பக்கம், சுவரோரப் பள்ளத்தில் போய் முடியும், அங்கிருக்கும் இழுப்பு (கடலுக்குள் ஓடும் நீரோட்டம்) உங்களை இலவசமாக லைன்அப்புக்கு (அலைக்காகக் காத்திருக்கும் இடம்) கொண்டுபோய் விடும். கை வலிக்காத சர்ஃபிங்!

சிப்பிக்கீறல்:
இந்த ‘இலவச லிஃப்ட்’ பேச்சைப் புதிதாக வருபவர்கள் படிக்கும் இடத்தில் இவ்வளவு லேசாக எழுதாதீர்கள், தம்பி. சுவரோர இழுப்பு உங்களுக்கு வசதி. பலகை இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பிள்ளைக்கு அது வசதி இல்லை. அலை குறைவாக இருக்கிறதே என்று குடும்பத்தோடு இறங்குபவர்கள் எல்லாரும் சரியாக அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள்.

பலகைக்காரன்:
சரி அக்கா, நியாயம்தான். ஆனால் இழுப்பு இருப்பது உண்மை, பயன்படுத்துவதும் உண்மை. மறைத்து வைத்து என்ன பயன்? எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவதுதான் நல்லது.

கடலோரப்பொறியாளர்:
இருவர் சொல்வதும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான். நிழலில் அமைதியாகத் தெரியும் இடத்தில் இழுப்பு எப்படி வருகிறது என்று பலருக்கும் புரிவதில்லை. வெளியே பெரிய அலை உடையும் இடத்தில் கரையோரத் தண்ணீர்மட்டம் சற்று உயரும். நிழலில் அலை சிறியது, அதனால் மட்டமும் குறைவு. உயர்ந்த மட்டத்திலிருந்து தண்ணீர் கரையோரமாகவே சுவரை நோக்கி ஓடிவரும், சுவரில் முட்டும், போக வழியில்லாமல் சுவரை ஒட்டிக் கடலுக்குள் திரும்பும். வடகிழக்கு ஸ்வெல் நாளில் இன்னும் நேரடியான காரணம்: அலை சாய்ந்து வருவதால் கரையோர நீரோட்டமே தெற்கு நோக்கி ஓடுகிறது, அதைச் சுவர் கடலுக்குள் திருப்பிவிடுகிறது. ஆகவே எந்தத் திசை அலையாக இருந்தாலும் சுவரோர இழுப்பை எதிர்பார்த்தே இறங்குங்கள். திறந்த மணலில் வரும் இழுப்பு இன்று இருக்கும், நாளை இடம் மாறும். சுவரோரத்தில் அது ஏறக்குறைய நிரந்தரம். சில நேரம் இத்தகைய இழுப்பு விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும், அதற்கு எதிராக நீந்திக் கரை சேரும் ஆள் கிடையாது.

சிப்பிக்கீறல்:
அப்படியென்றால் நடைமுறையில் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். இறங்கும் முன் நுரையைப் பாருங்கள். மணல் கலந்த பழுப்புத் தண்ணீரும் நுரையும் சுவரை ஒட்டி வெளியே ஊர்ந்தால் இழுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கொண்டால் பலகையை விட்டு இறங்கக் கூடாது. கரையை நோக்கிப் பேடில் செய்யவும் (பலகையில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளவும்) கூடாது. போகும் வரை போகவிட்டு, இழுப்பு தளர்ந்ததும் சுவருக்கு எதிர்ப்பக்கம், இங்கே வடக்கே, பேடில் செய்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, வெண்நுரையோடு கரைக்கு வாருங்கள். திறந்த கடற்கரையில் ‘இடமோ வலமோ விலகு’ என்பார்கள். இங்கே ஒரு பக்கம் கல் இருக்கிறது, தேர்வு ஒன்றுதான்.

கல்லை நோக்கி அலை தள்ளினால் பலகை உங்களுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கட்டும். கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பிகளும் கொட்டலசுகளும் தோலைச் சீவி எடுத்துவிடும். லீஷ் (பலகையைக் காலோடு கட்டும் கயிறு) கல்லிடுக்கில் சிக்கினால் அடுத்த அலை வருவதற்குள் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். கணுக்கால் பட்டையை ஒரே இழுப்பில் பிரிக்கக் கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுவர்மேல் தூண்டில் போடுபவர்கள். அவர்களுடைய தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே வந்தவர்கள், விலகிப் போக வேண்டியது நாம்தான்.

அலைமோதி:
சுவர் முனையிலிருந்து பலகையோடு குதித்தால் பேடிலே தேவையில்லையே? காணொளிகளில் எல்லாரும் குதிக்கிறார்கள்.

சிப்பிக்கீறல்:
காணொளியில் குதித்து அடிபட்டவர்களைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். பாசி படிந்த கல், அடியில் சரிந்து கிடக்கும் கற்கள், பக்கத்தில் படகுக் கால்வாய். என் கருத்து: வேண்டாம்.

பலகைக்காரன்:
இதில் அக்காவோடு முழுக்க உடன்படுகிறேன். சுவரோர இழுப்பே போதும்.

உப்புக்காற்று:
வடகிழக்கு ஸ்வெல் பற்றி யாரும் சொல்லவில்லையே. 0.9 மீட்டர், 8 விநாடி. கணக்குப்படி அந்த அலையின் ஆற்றல் மற்றதில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. உயரத்தின் வர்க்கத்தைப் பீரியடால் பெருக்கிப் பார்த்தேன். அது எப்படி நன்றாக இருக்கிறது?

கடலோரப்பொறியாளர்:
கணக்கு சரி. ஆனால் அன்று சுவர் மறைப்பாக இல்லை, கண்ணாடியாக இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் அலை சுவரில் சாய்வாக மோதி வடக்கே திரும்புகிறது. திரும்பியதும் பின்னால் வருவதும் குறுக்காக வெட்டும் இடத்தில் இரண்டின் உயரமும் கூடி, கூரான ஒரு பீக் எழும். அது சுவருக்கு விலகி வடக்கே உடையும். அதனால்தான் உங்களுக்கு ரைட் கிடைக்கிறது. சின்ன அலைதான், ஆனால் கூட்டல் நடக்கும் இடத்தில் சின்னதாக இருக்காது.

இதன் உச்சகட்ட உதாரணம் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் இருக்கும் ‘வெட்ஜ்’ என்ற அலை. துறைமுகத்தின் மேற்கு ஜெட்டியில் தெற்கு ஸ்வெல் பட்டுத் திரும்பி, அடுத்த அலையோடு சேர்ந்து, பெரிய நாட்களில் 20, 30 அடிவரை எழுந்து கரையிலேயே இடிகிறது. தெற்கு அரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் அனுப்பும் ஸ்வெல் என்பதால் அங்கே கோடையில்தான் பெரிய அலை. மே முதல் அக்டோபர் வரை பகல் 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை பலகையோடு இறங்கத் தடை, அந்த நேரம் உடலால் மட்டும் அலையேறுபவர்களுக்கு.

மணல்திட்டு:
எல்லாச் சுவரும் அப்படித் திருப்பி அனுப்பாது. செங்குத்தான கான்கிரீட் சுவர் நன்றாகத் திருப்பும். கல் கொட்டிய சுவர் இடுக்குகளில் அலையை விழுங்கிவிடும். சாய்வு எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஃப்ளோரிடாவின் செபாஸ்டியன் இன்லெட்டில் ஜெட்டியில் பட்டுத் திரும்பும் அலைதான் ‘ஃபர்ஸ்ட் பீக்’ என்று பெயர் பெற்றது. 11 முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டர் இளவயதில் பழகிய இடங்களில் ஒன்று. ஜெட்டியைச் சீரமைத்த பிறகு அந்தப் பீக் பழையபடி இல்லை என்று அங்கே சர்ஃப் செய்பவர்கள் இன்றும் புலம்புவார்கள். கல்லை மாற்றினால் அலை மாறும், அவ்வளவு நுட்பம்.

அப்புறம் நான் ‘ஆப்பைத் தூக்கிப் போடு’ என்றது மணலை நினைத்து. திசை, பீரியட் எல்லாம் ஒரே மாதிரி அமைந்த இரண்டு நாட்களில் ஒன்று நன்றாகவும் மற்றது மோசமாகவும் இருந்தால் அதற்குக் காரணம் திட்டு. புயல் வந்தால் திட்டு வெளியே போய்விடும், திரும்பிக் கரைக்கு வர வாரக் கணக்கில் ஆகும். எந்த ஆப்பும் அதைச் சொல்லாது.

கடலோரப்பொறியாளர்:
மணல் விஷயத்தில் மணல்திட்டு சொல்வதுதான் கடைசி வார்த்தை. கரையோர நீரோட்டம் ஓர் ஆண்டில் எந்தப் பக்கம் அதிக மணலைக் கொண்டுபோகிறதோ, அந்த ஓட்டத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் சுவர் மணலைப் பிடித்து வைக்கும், மறுபக்கம் கரை அரிக்கும். பாடப்புத்தகங்களில் வரும் உதாரணம் சென்னைத் துறைமுகம்: தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. உங்கள் கரை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது நல்லது. மணல் சேரும் பக்கம் திட்டு தட்டையாக, நேராக இருக்கும், நீண்ட பீரியட் அலைக்கு க்ளோஸ்அவுட் அதிகம். அரிக்கும் பக்கம் ஆழம் கூடுதல், அலை கரையை ஒட்டி உடையும்.

மனிதத் தலையீடு நல்லதாக முடிந்த கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரச் சுவர்களை 1960களில் நீட்டினார்கள், வடக்கே கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் மணல் இல்லாமல் மெலிந்தன. 2001-இலிருந்து சுவருக்குத் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி வடக்கே அனுப்புகிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். அந்த மணலில்தான் ‘சூப்பர்பேங்க்’ என்ற புகழ்பெற்ற சர்ஃப் திட்டு உருவானது. சுவரை ஒட்டிய டுரன்பா கடற்கரையும் பீக்குகளுக்குப் பெயர் போனது.

நீரேற்றம்:
ஓதம் (கடல்மட்டம் ஏறி வற்றுவது) பற்றி ஒரு வரிகூட இல்லையா? முகத்துவாரம் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் எப்படி? வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாம் கால்வாய் வழியாக வெளியே பாயும். அதற்கு எதிரே வரும் ஸ்வெல் குறுகி, செங்குத்தாகி, சுவர் முனையைச் சுற்றி ஒழுங்கில்லாமல் குதிக்கும். படகோட்டிகள் பயப்படும் நேரம் அதுதான். அட்டவணையில் போட்டிருக்கும் தாழ்நீர் நேரத்தோடு கால்வாய் ஓட்டமும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே பெரிய காயல் இருந்தால் தாழ்நீருக்குப் பிறகும் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது ஏறும் ஓதத்தின் நடுப்பகுதி. முழு ஏற்றத்தில் அலை திட்டைத் தாண்டி வந்து கரையில் இடித்துத் திரும்பி அடிக்கும். முழு வற்றத்தில் திட்டின் மேல் ஆழமே இல்லாமல் டமால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் அதிகம், நல்ல நேரம் சீக்கிரம் கடந்துபோகும்.

மழை பெய்த பிறகு வற்றும் நேரத்தில் இறங்க மாட்டேன். ஆற்றுத் தண்ணீரோடு ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும். மூன்று நாள் பொறுப்பது வழக்கம்.

அலைமோதி:
காற்று? தெற்குக் காற்று அடிக்கும்போதும் சுவரோரம் மட்டும் வழவழப்பாக இருக்கிறதே. சுவர் காற்றைத் தடுக்கிறதா?

பலகைக்காரன்:
அவ்வளவு உயரச் சுவர் இல்லை, பக்கத்தில் கொஞ்ச தூரத்துக்குத்தான் காற்றைத் தடுக்கும். அது தடுப்பது பெரும்பாலும் காற்று எழுப்பும் சில்லலையை. தெற்கிலிருந்து வரும் சொரசொரப்பு சுவரில் நின்றுவிடும், சுவருக்கு வடக்கே அது மறுபடி எழ இடம் வேண்டும், அதற்குள் உங்களுக்குத் தேவையான சுத்தமான பரப்பு கிடைத்துவிடும். கிழக்குக் கடற்காற்று நேரே கரைக்கு அடித்தால் சுவரால் ஒன்றும் ஆகாது. அதற்கு ஒரே வழி விடியற்காலை, கரைக்காற்று இருக்கும்போதே இறங்கிவிடுவது.

உப்புக்காற்று:
இப்போது புரிகிறது. நாளை மறுநாள் தென்கிழக்கு 12 விநாடி, 1.2 மீட்டர் என்று வருகிறது. ஏறும் ஓதத்தின் நடு காலை 7 மணிக்கு. சுவரிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி இறங்குகிறேன். சரிதானே?

கடலோரப்பொறியாளர்:
100 மீட்டர் என்று மனத்தில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அது தரை சீராக இருந்தால் வரும் எண். முகத்துவாரத்துக்கு வெளியே ஆறு கொட்டும் மணல் ஒரு திட்டாகக் கிடந்தால் நீண்ட பீரியட் அலையை அது வளைத்து வேறெங்காவது குவித்துவிடும். கரையில் நின்று குறைந்தது இரண்டு செட் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் கூட்டம்) வரும்வரை பாருங்கள், பெரும்பாலும் இருபது நிமிடம். பெரிய அலை எங்கே முதலில் வெள்ளையாகிறது, அந்த வெள்ளை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று கவனியுங்கள். ஆப் சொல்லும் 1.2 என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. காலை முழுக்கக் காத்திருந்தால் அதைப் போல இருமடங்கு உயரத்திலும் ஒன்று ஆழ்கடலிலிருந்து கிளம்பி வரலாம். அதற்கும் இடம் விட்டு உட்காருங்கள்.

மணல்திட்டு:
போன மாதம் கால்வாயைத் தூர்வாரினார்களா என்று மட்டும் விசாரியுங்கள். எடுத்த மணலைப் பல இடங்களில் பக்கத்துக் கரையிலேயே கொட்டிவிடுவார்கள். கொட்டியிருந்தால் பழைய திட்டு எதுவும் பழைய இடத்தில் இருக்காது.

உப்புக்காற்று:
ஆமாம், தூர்வாரும் கப்பல் நின்றுகொண்டிருந்தது. குழாய் வடக்குக் கரைக்குத்தான் போயிருந்தது.

மணல்திட்டு:
அப்படியென்றால் அமாவாசைத் தாழ்நீருக்கு ஒருமுறை பலகை இல்லாமல் போய் நடந்து பாருங்கள். திட்டு எங்கே தலைகாட்டுகிறது, எங்கே பள்ளம் வெட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நாளை மறுநாள் இறங்கினால் சுவருக்குச் சற்று எட்டவே இருங்கள்.